பாதைக்கு வெளியே பனிச்சறுக்கல்: பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை

வருடத்தின் 7ஆம், 8ஆம் கிழமைகள் வந்துவிட்டால் டென்மார்க்கின் நெடுஞ்சாலைகளில் கூரையில் ஸ்கிப் பெட்டி கட்டிய கார்கள் வரிசையாக ஓடத் தொடங்கிவிடும். நாம் அகதிகளாக இங்கு வந்து சேர்ந்த காலத்தில் அது டெனிஷ்காரரின் விடுமுறை. நமக்கு அது மொழி வகுப்பும் தொழிற்சாலை வேலையும் உள்ள இன்னொரு குளிர்காலக் கிழமை. இன்று அப்படியல்ல. எஃப்டர்ஸ்கோலேயுடனும், பல்கலைக்கழக நண்பர்களுடனும், வேலைத்தள நண்பர்களுடனும் நம்முடைய பிள்ளைகள் நோர்வேக்கும் ஒஸ்திரியாவுக்கும் பிரான்சுக்கும் போய்வருகிறார்கள். அது நல்ல விடயம். இருட்டான பெப்ரவரி மாதத்தில் வெயிலும் உடற்பயிற்சியும் கிடைப்பதை எந்த வைத்தியரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

ஆனால் சில வருடங்களாக எங்களிடம் வரும் பெற்றோர் சிலர் புதிய கேள்வி ஒன்றைக் கேட்கிறார்கள். "மகன் இந்த முறை பாதைக்கு வெளியே போகப்போறானாம். ஹெல்மெட் போட்டால் காணும் தானே?" காணாது. ஏன் காணாது என்பதைத்தான் இம்முறை மருத்துவப் பகுதியில் எழுதுகிறோம்.

மலை இல்லாத நாட்டில் வாழ்வதால் நமக்கு ஒரு குறை உண்டு. டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கையான நிலம் ஸ்கனபோவுக்கு அருகிலுள்ள மொலஹோய். அதன் உயரம் 171 மீற்றரை எட்டவில்லை. கொப்பன்ஹேகனில் குப்பை எரிக்கும் ஆலையின் கூரையில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சறுக்குத்தளம் 85 மீற்றர் உயரமானது. அதில் விரித்திருப்பது பச்சை நிறப் பிளாஸ்ரிக் விரிப்பு. பிளாஸ்ரிக் இடிந்து விழாது, மூச்சை அடைக்காது. இப்படியான இடங்களில் பழகிய ஒருவர் நன்றாகச் சறுக்கக் கற்றுக்கொள்ளலாம். பனியைப் பற்றிக் கற்றுக்கொள்ள முடியாது. நோர்வேயின் மலைக் கிராமத்துப் பிள்ளை சிறு வயதிலேயே கேட்டு வளரும் எச்சரிக்கைகளை நம் பிள்ளைகளும் கேட்டதில்லை, அவர்களின் டெனிஷ் நண்பர்களும் கேட்டதில்லை.

பெயர்கள் பல, ஆபத்தும் வேறு வேறு

"ஸ்கிக்குப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் அது நான்கைந்து விதமான காரியங்களில் ஒன்றாக இருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

பெரும்பாலானோர் செய்வது அல்பைன். இழுவை இயந்திரத்தில் மேலே போய், இயந்திரத்தால் செப்பனிட்ட பாதையில் கீழே வருவது. பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தைப் பொறுத்து நிறம் உண்டு. பனிச்சரிவு அபாயம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அங்கே நம்மைப் பற்றி யோசிப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். லாங்ரென் என்பது மெல்லிய நீளமான பலகைகளில் சமவெளியிலும் மேடு பள்ளங்களிலும் நடந்தும் வழுக்கியும் போவது. நடுவயதினருக்கு நாங்கள் விரும்பிச் சிபாரிசு செய்வது இதைத்தான். இதையே பாதையில்லாத மலைவெளியில், சற்று அகலமான பலகைகளுடன் செய்தால் அது ஃபியெல்ஸ்கி.

ஓஃப்-பிஸ்ட் அல்லது ஃபிரீரைட் என்பது இயந்திரத்திலேயே ஏறி, இறங்கும்போது பாதையை விட்டு விலகித் தொடாத பனியில் இறங்குவது. மிகச் சுலபமாக ஆபத்துக்குள் போகும் வழி இது. ஒரு கயிற்றுக்குக் கீழே குனிந்தால் போதும், மறுபக்கம் வேறு உலகம். பாதைக்குப் பக்கத்தில்தானே என்று நினைப்பதிலும் பயனில்லை. கார் பந்தய வீரர் மிஹாயெல் ஷூமாகர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் விழுந்து பாறையில் தலை மோதியது பாதையில் இருந்து சில மீற்றர் தூரத்தில்தான். அவர் அனுபவமுள்ள சறுக்குவீரர். ஹெல்மெட்டும் போட்டிருந்தார்.

நோர்வேஜியர் தொப்தூர் என்றும் பிரெஞ்சுக்காரர் ராண்டொனே என்றும் சொல்வது, பலகையின் அடியில் வழுக்காத பட்டி ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மலையேறி, பின்பு பட்டியைக் கழற்றிவிட்டு இறங்குவது. முன்பு அந்தப் பட்டிகளை சீல் தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டு ரோமத்திலும் நைலோனிலும் செய்கிறார்கள். இந்த முறை இப்போது மிகவும் பிரபலமாகிவிட்டது. 2026ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் போட்டியாகவும் சேர்க்கப்பட்டது. தெலமார்க் என்பது குதிக்கால் பலகையுடன் பிணைக்கப்படாத பழைய முறை. நோர்வேயின் தெலமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ற நூர்ஹைம் 19ஆம் நூற்றாண்டில் பிரபலமாக்கியது. பார்க்க அழகானது, ஆனால் முழங்காலுக்கு வேலை அதிகம்.

லேபலில் என்ன எழுதியிருக்கிறது?

ஹெல்மெட்டின் உள்ளே ஒரு சிறிய ஒட்டு இருக்கும். அதில் சி.ஈ. அடையாளத்துடன் ஈ.என். 1077 என்று இருந்தால் அது பனிச்சறுக்கலுக்கானது. ஈ.என். 1078 என்று இருந்தால் அது சைக்கிள் ஹெல்மெட். ஓர் இலக்கந்தான் வித்தியாசம். வீட்டில் இருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுபோனால் காணுமென்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1077இல் ஏ, பி என இரு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பு காதுகளையும் கடினமான ஓட்டால் மூடும். பி வகுப்பில் காதுப் பகுதி மென்மையானது. மலையேறுவோரின் ஹெல்மெட் ஈ.என். 12492, அது மேலிருந்து விழும் கல்லை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இந்த முத்திரைகள் எல்லாம் ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட வேகத்தில் மோதவிட்டுக் கொடுக்கப்படுபவை. சறுக்கு ஹெல்மெட்டைச் சோதிக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நல்ல சறுக்குவீரர் இறங்கும் வேகம் அதன் இரண்டு மூன்று மடங்கு. ஹெல்மெட் தலைக் காயங்களைக் குறைக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது எந்த அளவுக்கு வாக்குக் கொடுக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பின்டிங், அதாவது சப்பாத்தைப் பலகையுடன் பிடித்து வைத்திருக்கும் பகுதி. எங்கள் பார்வையில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாத பொருள். விழும்போது அது சப்பாத்தை விடுவிக்க வேண்டும். விடாவிட்டால் பலகை நெம்புகோலாக மாறிக் காலெலும்பை முறிக்கும். தேவையில்லாத இடத்தில் விட்டுவிட்டாலும் ஆபத்து. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதைக் காட்டும் இலக்கத்தை டின் எண் என்பார்கள். நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை வைத்து அட்டவணை பார்த்துக் கணிப்பது அது. வாடகைக் கடையில் படிவம் நிரப்பும்போது நிறையைக் குறைத்து எழுதும் அக்காமாரும், "நான் நல்லாச் சறுக்குவன்" என்று எழுதும் தம்பிமாரும் தங்கள் காலெலும்போடு விளையாடுகிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அட்டவணையே ஒரு படி குறைத்துத்தான் எண் கொடுக்கும். வயதை மறைத்து எழுதினால் அந்தச் சலுகை போய்விடும். நண்பனின் பலகையை இரவல் வாங்கினால் கடையில் கொடுத்துச் சரிசெய்த பின்பே போட வேண்டும்.

மலையேறும் சறுக்கலுக்கான மெல்லிய பின்டிங்குகள் சப்பாத்தை இரு ஊசிகளால் பிடிப்பவை. இவற்றுக்கென ஐ.எஸ்.ஓ. 13992 என்ற தரம் உண்டு. ஆனால் மிக இலேசான பலவற்றில் எழுதியிருக்கும் இலக்கம் அந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டதல்ல, தயாரிப்பாளரின் கணக்கு. பழைய தெலமார்க் பின்டிங்குகளில் பல விடுவிக்கவே மாட்டா. சப்பாத்திலும் கவனம் வேண்டும்: சாதாரண அல்பைன் அடி ஐ.எஸ்.ஓ. 5355, மலையேறும் சப்பாத்தின் இறப்பர் அடி 9523, இவற்றுக்கு நடுவில் கிரிப்வோக் எனும் 23223. எல்லாச் சப்பாத்தும் எல்லாப் பின்டிங்கிலும் பூட்டப்படுவது போலத்தான் தோன்றும். பூட்டப்படுவது வேறு, சரியாக விடுவிப்பது வேறு.

கண்ணாடியில் எஸ்0 முதல் எஸ்4 வரை எழுதியிருக்கும். வெயில் நாளுக்கு எஸ்3, மூடுபனி நாளுக்கு எஸ்1. எஸ்4 மிக இருண்டது, அதைப் போட்டு வாகனம் ஓட்டக் கூடாது. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அனுப்பும். "எங்கட கறுத்தத் தோலுக்கு ஒண்டும் செய்யாது" என்று சிலர் சொல்வார்கள். விழிவெண்படலத்தில் நிறமி கிடையாது, அங்கே எல்லோரும் ஒரே நிறம். எரிவும் கண்ணீரும் பல மணி நேரம் கழித்து, இரவில்தான் தொடங்கும்.

முப்பது பாகை

ஹெல்மெட்டிலும் பின்டிங்கிலும் கண்ணாடியிலும் எழுதியிருக்காத ஓர் இலக்கம் உண்டு. அதுதான் மலைச்சாய்வின் கோணம். பனித்தட்டுச் சரிந்து விழும் சாய்வுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்டவை. 30க்குக் குறைந்தால் பனி பொதுவாக நிலைத்து நிற்கும். மிகச் செங்குத்தானால் பனி தேங்காமல் சிறிது சிறிதாக விழுந்துவிடும். துரதிர்ஷ்டமாக, இறங்குவதற்கு அதிகம் இன்பம் தருவதும் அந்த இடைப்பட்ட சாய்வுதான்.

30 பாகை எவ்வளவு? வைலேயில் மூங்க்பியர்க் ஏற்றத்தில் சைக்கிள் ஓடி மூச்சு வாங்கியவர்களுக்குச் சொல்கிறோம்: அந்த ஏற்றம் இதில் பாதிக்குக்கூட வராது. வீதிப் பலகையில் எழுதும் வீதக் கணக்கில் 30 பாகை என்பது 58 வீதம். கண்ணால் மதிப்பிட்டால் பிழைக்கும். கோணம் அளக்கும் செயலி கைத்தொலைபேசியிலேயே உண்டு. நோர்வே, சுவிற்சர்லாந்து, ஒஸ்திரிய மலை வரைபடங்களில் 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களை நிறம் தீட்டிக் காட்டுவார்கள். நாம் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே செங்குத்தான சாய்வு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

பனி ஏன் சரிகிறது? காற்று ஒதுக்கிச் சேர்த்த பனி ஒரு தட்டாக இறுகுகிறது. அதற்குக் கீழே சீனிபோல ஒட்டாத ஒரு படை இருந்தால், ஒருவரின் நிறையே அந்தப் படையை உடைக்கப் போதும். உடைவு ஒரு கணத்தில் முழுச் சாய்வுக்கும் ஓடிவிடும். சிக்கி இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது சந்தர்ப்பங்களில் சரிவைத் தொடக்கியது அவரோ அவருடன் சென்றவரோதான். வானத்தில் இருந்து வந்து விழும் விதி அல்ல அது. ஒரு முடிவின் விளைவு.

ஐரோப்பா முழுவதும் ஒரே அபாய அளவுகோல் 1993 முதல் உள்ளது, 1 முதல் 5 வரை. நோர்வேயில் வார்சொம், சுவிற்சர்லாந்தில் டாவோஸ் ஆய்வு நிறுவனம், ஒஸ்திரியாவில் மாநில எச்சரிக்கைச் சேவைகள் குளிர்காலத்தில் தினமும் வெளியிடுகின்றன. இதில் 3ஐப் பாடசாலைப் புள்ளிபோல "நடுத்தரம்" என்று வாசிக்கக் கூடாது. ஒவ்வொரு படியிலும் அபாயம் பல மடங்காகக் கூடுகிறது. 4, 5 என்றால் எல்லோரும் பயந்து நிற்பார்கள். 3 என்றால் போய்விடுவார்கள். அதனால் இறப்புகளில் மிக அதிகமானவை 3ஆம் படி நாட்களில் நடக்கின்றன. புதுப்பனி கொட்டி, காற்று அடித்து, மறுநாள் வானம் நீலமாக விடியும். அன்றுதான் எல்லோருக்கும் ஆசை வரும். பிள்ளைகளிடம் நாம் சொல்லக்கூடிய எளிய விதி: 3 என்றால் 30 பாகைக்குக் குறைந்த இடங்களில் மட்டும், 4 என்றால் பாதையை விட்டு விலகுவதே வேண்டாம்.

பத்து நிமிடம்

இப்போது வைத்தியர் என்ற முறையில் எங்களுக்கு மிக முக்கியமான பகுதி. பனியில் முழுதாகப் புதைந்தவர்களில் பெரும்பாலானோர் இறப்பது குளிரால் அல்ல, மூச்சடைத்து. வாயிலும் மூக்கிலும் பனி அடைக்கும். அடைக்காவிட்டாலும், வெளிவிடும் மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றியுள்ள பனியைக் கண்ணாடிபோல இறுக வைத்துவிடும். சுவிற்சர்லாந்தில் பல ஆண்டு விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரையின்படி, பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணித்தியாலமானால் பத்துக்கு மூன்று பேர். முன்பு நாங்கள் 15 நிமிடம் என்று படித்திருந்தோம், இப்போது அது பத்தாகச் சுருங்கிவிட்டது.

பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகொப்டரும் வராது. நெதர்லாந்து இளவரசர் ஃபிரீசோ 2012 பெப்ரவரி 17 அன்று ஒஸ்திரியாவின் லெஹ்கில், அபாயம் 4 என்று அறிவிக்கப்பட்ட நாளில், பாதைக்கு வெளியே புதைந்தார். உலகின் மிகச் சிறந்த மலை மீட்புச் சேவைகளில் ஒன்று அங்கே உண்டு. அவர் பனிக்கடியில் இருந்தது ஏறத்தாழ 25 நிமிடம். 50 நிமிட இருதய மீளியக்கத்துக்குப் பின் இதயம் துடித்தது, மூளை மீளவில்லை. 2013 ஆகஸ்டில் இறந்தார்.

ஆகவே காப்பாற்றப் போவது கூடச் செல்லும் நண்பர்கள்தான். அவர்களிடம் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும்: பிப்பர், தேடும் தடி, சவள். பிப்பர் எந்தக் கம்பனியுடையதானாலும் 457 கிலோஹேர்ட்ஸில் பேசும், ஆகவே ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். மூன்று அன்ரெனா உள்ளதாக வாங்க வேண்டும். கைத்தொலைபேசியை அதிலிருந்து 20 சென்ரிமீற்றர் விலக்கி வைக்க வேண்டும்; தேடும்போது 50. சவள் உலோகமாக இருக்க வேண்டும், ஏனெனில் சரிந்து நின்ற பனி சீமெந்துபோல இறுகிவிடும். ரெக்கோ என்று ஜக்கற்றில் தைத்திருக்கும் தகடு பிப்பருக்குப் பதிலாகாது. அதைத் தேடும் கருவி மீட்புப் படையிடம்தான் உண்டு, அதாவது பத்து நிமிடத்துக்குப் பின்பு. காற்றுப்பை உள்ள முதுகுப்பை புதையாமல் மேலே மிதக்க உதவும்; மரத்திலும் பாறையிலும் மோதுவதை அது தடுக்காது.

இந்தப் பொருட்களை வாங்கிப் பைக்குள் வைத்திருப்பவர்கள் பலர், பழகியவர்கள் சிலர். போகும் முன்பு ஒரு பூங்காவில் பிப்பர் ஒன்றை ஒளித்துவைத்துத் தேடிப் பாருங்கள். இதற்கு மலை தேவையில்லை, ஹேர்னிங்கிலேயே செய்யலாம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். பிள்ளையிடம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி "உன்னட்டைப் பிப்பர் இருக்கா?" என்பது மட்டுமல்ல. "உன்னோட வாறவைக்குத் தேடத் தெரியுமா?" என்பதுதான்.

வெளியே எடுக்கும்போது முதலில் முகம். வாயைத் துப்புரவாக்கி, மூச்சில்லாவிட்டால் ஐந்து முறை மூச்சு ஊதி, பின்பு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக நம் இளைஞர்கள் எல்லோரும் படிக்கும் அதே முதலுதவிதான், முதல் ஐந்து மூச்சு மட்டும் கூடுதல்.

முகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால் கணக்கு மாறும். 2016 பெப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா என்பவர் மட்டும் ஆறாம் நாள் உயிருடன் எடுக்கப்பட்டு, பெப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். அத்தனை நாள் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இடிந்த கூடாரத்துக்குள் கிடைத்த காற்று.

காற்றும் இருந்து குளிரும் இருந்தால் சில சமயம் குளிரே மூளையைக் காக்கும். சுவீடனைச் சேர்ந்த வைத்தியர் அன்னா போகன்ஹோல்ம் 1999 மே 20 அன்று நோர்வேயின் நார்விக் அருகே சறுக்கும்போது, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கினார். துறொம்சோ வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது உடல் வெப்பம் 13.7 பாகை செல்சியஸ். பிழைத்தார், மீண்டும் வைத்தியராக வேலை செய்தார். குளிர்ந்து கிடப்பவரைச் சூடேற்றிப் பார்க்கும் முன் இறந்தவர் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு எங்கள் துறையில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் அவர். சாதாரணமாகக் குளிரில் விறைத்தவருக்கு ஈர உடையை மாற்றி, காற்றுப் படாமல் போர்த்திப் படுக்க வையுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம். பிராந்தி கொடுப்பது படத்தில் மட்டும் நல்லது. இரத்தக் குழாய்களை விரித்து இன்னும் குளிரச் செய்யும்.

தகப்பன்மாருக்கு ஒரு பந்தி

மலைகளில் இறக்கும் நடுவயது ஆண்களில் கணிசமானோர் விழுந்து இறப்பதில்லை, மாரடைப்பால் இறக்கிறார்கள். வருடம் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, முதல் நாளே 2000 மீற்றர் உயரத்தில் மூன்று மணி நேரம் ஏறுவது இதயத்துக்கு நல்லதல்ல. நம்மவரிடையே நீரிழிவும் இதய நோயும் இளவயதிலேயே வருகின்றன. ஏறும்போது நெஞ்சில் பாரம் வந்தால் அதைக் குளிர் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் அதை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் வேலை செய்யாது.

காப்புறுதி

மஞ்சள் அட்டை ஐரோப்பியப் பயணத்தை மூடிய காலம் 2014 ஆகஸ்ட் 1 உடன் முடிந்துவிட்டது. இது இன்னும் பலருக்குத் தெரியாது. நீல அட்டை இலவசமாகப் பெறலாம். டெனிஷ் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு விதிகள் வேறுபடலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். நீல அட்டையும் மலையில் இருந்து ஹெலிகொப்டரில் இறக்குவதையும், டென்மார்க்குக்குக் கொண்டுவருவதையும் மூடாது. அதற்குத் தனிப் பயணக் காப்புறுதி வேண்டும். அதிலும் "பாதைக்கு வெளியே" என்ற பகுதியைத் தேடி வாசியுங்கள். வழிகாட்டியுடன் போனால் மட்டும் என்று நிபந்தனை இருக்கக்கூடும். எங்கும் 112 வேலை செய்யும். ஒஸ்திரிய மலை மீட்பு 140, சுவிற்சர்லாந்தில் 1414, நோர்வேயில் அம்புலன்ஸ் 113.

திரும்பி வந்த பின்பு எங்களிடம் வருவோரில் பெரும்பாலானோர் முழங்காலோடு வருவார்கள். விழும்போது "டக்" என்ற சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். முன் குறுக்கு நாண் அறுந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து மெதுவாக வரும் வீக்கம் பெரும்பாலும் அவ்வளவு மோசமானதல்ல. பெருவிரலை மறக்க வேண்டாம். கைத்தடியைப் பிடித்தபடி விழுந்தால் பெருவிரலின் உட்பக்க நாண் அறுந்துவிடும். வீக்கம் சிறிதாகத்தான் இருக்கும், ஆனால் சாவியைத் திருப்பவோ கிள்ளவோ பலம் இருக்காது. இதற்கு இரண்டு மூன்று கிழமைக்குள் சரியான வைத்தியம் தேவை. ஈஸ்டருக்குப் பிறகு காட்டுவோம் என்று ஒத்திப்போடாமல் அந்தக் கிழமையே உங்கள் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள்.